ஓரத்துக் கொப்புளம்

பதினான்காவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியபோது, காரின் முன்பக்கத்தில் கிடந்த சிப்ஸ் பாக்கெட் தலையணையாகிவிட்டிருந்தது.

"மேடம், இதப் பாருங்க. சேலம் அஸ்தம்பட்டியில வாங்கும்போது என்னை மாதிரி ஒல்லியா இருந்துச்சு. பாதி மலை ஏறுறதுக்குள்ள எங்க மாமனார் மாதிரி ஆயிருச்சு" என்றான் ஜெப்சன்.

சிவரஞ்சனி கண்களைத் திறக்கவில்லை. "ரோட்டைப் பாத்து ஓட்டு."

"ரோடு எங்கீங்க தெரியுது? பனிதான் தெரியுது. ஞாபகத்துல ஓட்டிட்டிருக்கேன்."

நான்கு நாளில் இது நான்காவது மலையேற்றம். சிவரஞ்சனிக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தைந்து வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக எரிந்த கடைகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்துச் சலித்துப்போய், சேலத்தில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்தவள். ஜெப்சன் சர்வே காலத்திலிருந்தே அவளுடைய உதவியாளன். அலுவலகம் புதிது. சலிப்பு பழையது. அது மேசை நாற்காலியோடு சேர்ந்து இங்கேயும் வந்துவிட்டது.

"மணி என்ன?"

"ஒண்ணே கால். அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொம்பளைய நாம காப்பாத்தணும், இல்லீன்னா மாட்டி விடணும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுட்டா வண்டிய அதுக்குத் தகுந்த வேகத்துல ஓட்டுவேன்."

எது என்று சிவரஞ்சனிக்கும் தெரியாது.

ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகும் பாதையில், பழைய காப்பிக்கொட்டை குடோன் ஒன்றை வெங்கடேஷ் என்பவன் தொழிற்கூடமாக மாற்றியிருந்தான். புதிய கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வில் போல வளைந்து ஒளிர்கிறதே, அந்தத் திரைகள் அங்கேதான் உருவாயின. வளைந்த கண்ணாடி ஓரிடத்திலிருந்து வரும். காகிதம் போல மடங்கும் மெல்லிய திரை இன்னோரிடத்திலிருந்து வரும். நடுவில் கம் ஷீட் எனப்படும் பசைத்தாளை வைத்து இரண்டையும் ஒட்டி அனுப்புவதுதான் இங்கே வேலை. வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்து மலைக் கிராமங்களின் பெண்கள்.

மலையில் இருக்கும்போது எல்லாத் திரைகளும் கண்ணாடி போலத்தான் இருந்தன. சமவெளிக்குப் போய் இரண்டு நாள் வெயில் பட்டதும், முப்பத்தேழு திரைகளில் வளைவின் ஓரமாகக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. முப்பத்தேழும் மலர் என்ற ஒரே பெண்ணின் ஷிப்டில் ஒட்டியவை. கலா என்ற இன்னொருத்தி அதே மிஷினில் ஒட்டியதில் ஒன்றுகூடக் கெடவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி வெங்கடேஷ்தான் சிவரஞ்சனியைக் கூப்பிட்டிருந்தான்.

கார் கம்பெனி கடிதம் அனுப்பியிருந்தது. 'செய்தது யார், என்ன நடவடிக்கை? இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.'

வெங்கடேஷ் பதிலை அடித்து வைத்துவிட்டான். அதில் மலரின் பெயர் இருந்தது. கூடவே போலீஸ் புகார் ஒன்றும்.

*

"இதான் மேடம் நேத்து ராத்திரி கிடைச்சது" என்று வெங்கடேஷ் கம்ப்யூட்டரைத் திருப்பினான். முப்பத்தெட்டு வயது. மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

கோட்டு மாற்றும் அறையின் கேமராப் பதிவு. வெள்ளைக் கோட்டும் தலைமூடியும் அணிந்த மலர் உள்ளே வருகிறாள். கேமராவுக்கு முதுகைக் காட்டுகிறாள். கையிலிருந்த ஏதோ ஒன்று வெள்ளியாய் மின்னுகிறது. அதை நாலாய் மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் தள்ளுகிறாள்.

"நல்ல கம் ஷீட்டைத் திருடிட்டு மட்டமான ஷீட்டை வெச்சு ஒட்டியிருக்கா. இந்தப் பதிவு கிடைக்கறதுக்கு முன்னாடியே நேர்ல கேட்டேன், வாயே தொறக்கல. போன திங்கக்கிழமையே வேலையை விட்டு நிறுத்திட்டேன்."

"கம் ஷீட்டை ஏற்காட்டுல யாருங்க வாங்குவாங்க? படகுத்துறையில டிக்கெட் ஒட்டறதுக்கா?" என்றான் ஜெப்சன்.

வெங்கடேஷ் சிரிக்கவில்லை. "இந்த ஆர்டர் போச்சுன்னா இங்க நாப்பத்தி ரெண்டு பேருக்கு வேலை போகும். நாப்பத்தி ரெண்டா, ஒண்ணா? நீங்களே சொல்லுங்க."

சிவரஞ்சனி கண்ணாடித் தடுப்பின் வழியே உள்ளே பார்த்தாள். கலா வேலையில் இருந்தாள். வெள்ளி பவுச் ஒன்றைக் கத்தரித்து, உள்ளிருந்து கம் ஷீட்டை எடுத்துத் திரையின் மேல் பரப்பினாள். வளைந்த கண்ணாடியை அச்சுக்குள் வைத்தாள். மூடி இறங்கியது. உள்ளிருந்த காற்று முழுக்க வெளியேறியபின், ஒரு ரப்பர் மெத்தை திரையின் நடுவைத் தொட்டு, மெல்ல மெல்ல இரண்டு ஓரங்களுக்கும் பரவி அழுத்தியது.

"ஏன் நடுவுல ஆரம்பிக்குது?"

"ஓரத்துல ஆரம்பிச்சா காத்து உள்ள மாட்டிக்கும் மேடம். அப்புறம் எடுக்கவே முடியாது. வளைவுலதான் இழுப்பு அதிகம். ஒட்டுனதுல ஏதாவது குறை இருந்தா அங்கதான் மொதல்ல காட்டும்."

மிஷினை முதல் நாளே பார்த்தாயிற்று. கண்ணாடியை இரண்டாம் நாள். கையுறை, துடைக்கும் துணி, ஒட்டியபின் சூடேற்றும் அழுத்த அடுப்பு எல்லாம் மூன்றாம் நாள். எதிலும் குற்றமில்லை. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டுப் பைக்குள் போன அந்த வெள்ளிச் சமாசாரம்.

"மலர் வீடு எங்கே?"

"வெள்ளக்கடை. புருசன் சின்னன் இங்கதான் ஸ்டோர்ல இருக்கான். கூட்டிட்டுப் போகச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நாங்களே போறோம்" என்றாள் சிவரஞ்சனி.

*

வெள்ளக்கடைத் திருப்பத்தில் பெருமாள் என்பவரின் பெட்டிக்கடை. சேலத்துப் பாக்கெட்டைத் தொழிற்கூட வாசலிலேயே தின்று முடித்திருந்த ஜெப்சன் புதிதாக ஒன்று வாங்கி, ஒரு வில்லையை வாயில் போட்டு, அப்படியே நின்றான்.

"ஏனுங்ணா, இது சிப்ஸா, நனைஞ்ச அட்டையா? நமுத்துப் போயிருக்குது."

"பனிக்காலமுங்க. அப்பிடித்தான் இருக்கும்."

"பாக்கெட் பிரிக்காமத்தானுங்க இருந்துச்சு?"

பெருமாள் சங்கடமாகச் சிரித்தார். சட்டைப் பையில் செருகியிருந்த ஒரு குண்டூசியைக் காட்டினார். "கீழ இருந்து வர்றது மேல வந்தா உப்பிக்குமுங்க. தொங்க விட எடம் பத்தாது. செலது வெடிச்சே போகும். அதான் ஒரு குத்து குத்தி விட்டுர்றது."

"உங்க ஊசி குத்துனதுக்கு என் காசு நமுத்துப் போச்சு."

சிவரஞ்சனி காரிலிருந்தே கேட்டாள். "மலர் வீடு எதுங்க?"

பெருமாளின் முகம் மாறியது. "பச்சைக் கதவுங்க. நல்ல புள்ளைங்க அது. தப்பெல்லாம் பண்ணாது."

"புருசன் எப்படி?"

"அவனும் தங்கமானவன். ரெண்டும் தங்கம். ஆனா சேர்த்து வெச்சா ஒட்டாது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவன் வண்டியில போவான். இவ அதே எடத்துக்கு பஸ்ல போவா. ஊடு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு, பேச்சுதான் இல்லீங்க. மூணு மாசமாச்சு. இந்தப் புள்ள டிரெய்னிங்குக்குன்னு நாப்பது நாள் வெளியூருக்குப் போயிட்டு மிஷின்காரியா வந்துச்சு. அவன் என்னமோ வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டான். அன்னைக்கு மூடுன வாய இது இன்னும் தொறக்கல."

*

பச்சைக் கதவு திறந்தே இருந்தது. மலர் தரையில் அமர்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இவர்களைப் பார்த்ததும் முறத்தை ஓரமாக வைத்து எழுந்தாள். இரண்டு ஸ்டூல்களைத் துடைத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். தன்னைக் குற்றவாளி என்று சொல்ல வந்தவர்களுக்கும் தண்ணீர் கொடுக்கிற பழக்கம் அவளிடம் இன்னும் மிச்சமிருந்தது.

"மொளகு விக்கிறீங்களா?" என்றான் ஜெப்சன். மூலையில் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன.

"ஞாயித்துக்கெழம பேக் பண்ணி டூரிஸ்ட் கடைங்களுக்குப் போடுவோமுங்க."

அவன் ஒரு பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தான். "சீல் வெச்சதுல நடுவுல ஒரு பல்லு போயிருக்குதே?"

"கைமிஷினுங்க. கம்பி ஒரு எடத்துல கருகிப்போச்சு. அந்த எடத்துல மட்டும் ஒட்டாது. நாங்க ரெண்டு தடவ வெச்சு அழுத்துவோம்."

"மிஷினு எங்கே?"

மலர் சுவரலமாரியைப் பார்த்தாள். அங்கே தூசியில் ஒரு நீளமான தடம் மட்டும் இருந்தது. "தெரியலீங்க. இங்கதான் இருக்கும்."

சிவரஞ்சனி தண்ணீரை மெதுவாகக் குடித்தாள். முழங்கால் வலித்தது. இந்தப் பெண்ணை மிரட்டுவதற்கான தெம்பு தன்னிடம் இல்லை என்று தோன்றியது. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, பாத்திரங்கள், பள்ளிக்கூடப் பை ஒன்று, அரிசி டிரம். டிரம்மின் மேல் ஒரு முழு மூட்டை மிளகு.

"மலர், இன்னிக்கு என்ன சமையல்?"

"சோறும் கீரைக் கொழம்புங்க."

"தினம் சோறுதானா?"

"பாப்பாவுக்குச் சோறுதானுங்க வேணும்."

"அப்படின்னா தினம் ரெண்டு வேளை அந்த மூட்டையை எறக்கி ஏத்தறியா?"

மலரின் கை முந்தானையைப் பற்றியது.

"தினம் திறக்கிற டிரம் மேல யாரும் மூட்டையை வெக்க மாட்டாங்க கண்ணு. அரிசியை வேற எதுலயோ கொட்டி வெச்சிருக்கே. டிரம்முல வேற ஏதோ இருக்குது."

ஜெப்சன் மூட்டையை இறக்கினான். "மேடம், எனக்கு இடுப்பு புடிச்சா ஆபீஸ் செலவு" என்று முனகிக்கொண்டே மூடியைத் திறந்தான்.

உள்ளே, நாலாய் மடித்த வெள்ளி பவுச்சுகள். காலி பவுச்சுகள். மொத்தம் பதினொன்று.

சிவரஞ்சனி ஒன்றை விரித்தாள். ஒரு பக்கம் மலர் வேலைக்காகக் கத்தரித்த நேர்வெட்டு. எதிர்ப்பக்க மூலையில் சின்னதாக இன்னொரு வெட்டு, அதன்மேல் ஒரு சீல். சீலின் நடுவே அரிசி நீளத்துக்கு ஒட்டாத இடைவெளி. பதினொன்றிலும் அதே மூலை, அதே இடைவெளி.

மிளகு பாக்கெட்டில் போயிருந்த அதே பல்.

"நாந்தாங்க பண்ணுனேன்" என்றாள் மலர். குரல் தட்டையாக இருந்தது. "என் பேரையே எழுதிக்கங்க. பாப்பாவுக்குப் பரிச்ச நடக்குது. அது முடியற வரைக்கும் போலீஸு மட்டும் ஊட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."

"எதுக்குப் பண்ணுனே?"

பதில் இல்லை.

"என்ன பண்ணுனேன்னாவது தெரியுமா?"

மலர் முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வாழவந்திப் பக்கம் போனது.

ஜெப்சன் சிவரஞ்சனியைக் கதவருகே அழைத்தான். "கேஸ் முடிஞ்சுது மேடம். ஒப்புதல் வாக்குமூலம், தடயம், டிரம்மு, எல்லாம் இருக்குது. மணி மூணே கால். கீழ போயி டீ குடிக்கலாம்."

"அந்த பவுச்சை மிஷின் முன்னாடி கத்தரிக்கறவ மலர். அவ கைக்கு வந்தா அஞ்சு நிமிசத்துல காலி. அதுக்கு மறுபடி சீல் எதுக்கு?"

ஜெப்சன் திரும்பி டிரம்மைப் பார்த்தான்.

"தொறந்ததை மறுபடி ஒட்டி ராக்குல திருப்பி வெக்க வேண்டியவனுக்குத்தான் சீல் வேணும்" என்றாள் சிவரஞ்சனி. "ராக்கு யார் கையில?"

"ஸ்டோர்ல... அய்யோ. புருசன்."

"சீலைப் பாத்ததுமே தன் வீட்டு மிஷின்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கும். அவன் திருடறான்னு நெனச்சு, அன்னையில இருந்து கைக்குக் கெடச்ச தடயத்தையெல்லாம் வாரி வந்து டிரம்முல போட்டிருக்கா. மூணு மாசமா ஒரு வார்த்தை பேசாத புருசனுக்காக." சிவரஞ்சனி திரும்பினாள். "மலர், செருப்பைப் போடு. எங்களோட வா."

*

ஸ்டோர் அறை பழைய குடோனின் பின்பக்கம் இருந்தது. காப்பிக்கொட்டை வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. சின்னன் நாற்பது வயது மனிதன். குடோனாக இருந்த காலத்திலும் இதே அறையில் பதினாறு வருடம் மூட்டைகளைக் காத்தவன். மனைவி உள்ளே வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று, எதையும் கேட்காமல் தன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் உட்காரவில்லை.

ராக்கில் இரண்டு பக்கம். இடதுபக்கம் வெள்ளி பவுச்சுகள் குண்டு குண்டாக உப்பி நின்றன. வலதுபக்கம் ஐந்து பவுச்சுகள் தட்டையாக, சமர்த்தாகப் படுத்திருந்தன.

சிவரஞ்சனி பதினொரு காலி பவுச்சுகளையும் மேசையில் வைத்தாள். பின்னாலேயே வந்த வெங்கடேஷ் மூலை சீலைப் பார்த்ததும் கொதித்தான்.

"அப்ப வழியிலதான் மாத்தியிருக்கானுங்க! சேலம் குடோன்லயோ, லாரிக்காரனோ..."

"இல்லீங்க" என்றாள் சிவரஞ்சனி. "ஜெப்சன், மத்தியானம் உன் மாமனார் எந்த வளைவுல குண்டானார்?"

"பதினாலுல மேடம்."

"கீழ சீல் வெச்ச எதுவும் மேல வந்தா உப்பும். இதோ இடதுபக்கம் உப்பியிருக்குதே, அது கீழ சீல் வெச்சபடியே இருக்குது. யாரும் தொடல. தட்டையா இருக்கறதை மலைக்கு மேல வந்தப்புறம் தொறந்திருக்காங்க. இந்தக் கட்டடத்துக்குள்ள."

சிவரஞ்சனி வாளியில் தண்ணீர் கேட்டாள். தட்டையான பவுச் ஒன்றை ஜெப்சன் பஞ்சர் கடைக்காரன் போலத் தண்ணீருக்குள் அமுக்கி, மெல்ல அழுத்தினான். மூலை சீலின் நடுவிலிருந்து குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

"டியூப் போச்சுங்க. பேட்ச் போடணும்" என்றான்.

"காத்து வெளிய வர்ற வழியில பனி உள்ள போகும்" என்றாள் சிவரஞ்சனி. "ஷீட்டு ஈரத்தைக் குடிச்சுக்கும். இந்தக் குளிர்ல ஒண்ணும் தெரியாது. கீழ வெயில் பட்டதும் அந்த ஈரம் வெளிய வரப் பாக்கும். எங்க இழுப்பு அதிகமோ அங்க கொப்புளமா நிக்கும். பெருமாள் கடை சிப்ஸ் நமுத்துப் போன மாதிரி உங்க கம் ஷீட்டு நமுத்துப் போச்சு. திருட்டு எதுவும் நடக்கல. ஷீட்டெல்லாம் உள்ளயேதான் இருந்துச்சு."

பிறகு மெதுவாகக் கேட்டாள். "சின்னன், எதுக்குத் தொறந்தீங்க?"

சின்னன் பயப்படவில்லை. குழம்பித்தான் போயிருந்தான். மேசைக்கடியிலிருந்து கைமிஷினை எடுத்து மேலே வைத்தான்.

"கெட்டுப் போச்சுன்னு நெனச்சனுங்க. முன்னெல்லாம் இந்த பவுச்சு ஒட்டிப் புடிச்ச மாதிரி கல்லாட்டம் வரும். புரட்டாசியில இருந்து புதுசா வர்றது பூரா உப்பி உப்பி வந்துச்சு. தயிர் பாக்கெட்டு உப்புனா கெட்டதுதானுங்களே? உள்ள காத்து ஏறிப் போச்சு, வேர்த்துப் போயிரும்னு பயந்துட்டு, மூலையில கீறிக் காத்தைப் புடுங்கிட்டு நல்லா சீல் வெச்சேன். மூட்டையில நமுப்பு ஏறாமப் பாக்கறதுதானுங்க இத்தனை வருசமா நான் பண்ணுன வேலை."

வெங்கடேஷ் ஒரு பவுச்சைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் பொடி ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஈரம் அண்டாமலிருக்க உள்ளே உலர்ந்த வாயு நிரப்பப்பட்டிருக்கிறது என்ற வரி. அவன் அதை இப்போதுதான் படித்தான்.

"எல்லாத்தையும் ஏன் பண்ணல?" என்றாள் சிவரஞ்சனி. "பாதி உப்பியே இருக்குதே?"

"கைமிஷினுங்க. சாப்பாட்டு நேரத்துல ஒண்ணோ ரெண்டோதான் முடியும்."

"பண்ணினதை வலதுபக்கம் தனியா வெச்சிருக்கீங்க. அது யாரோட ஷிப்டுக்கு?"

சின்னன் தரையைப் பார்த்தான். காது சிவந்தது. நாற்பது வயது ஆணின் காது அப்படிச் சிவந்து சிவரஞ்சனி வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"நல்லதா பாத்து அந்தப் பக்கம் வெப்பனுங்க. மலரு ஷிப்டுக்கு." அவன் கைமிஷினின் கைப்பிடியைத் தடவினான். "கெட்டதைக் கலாவுக்குக் குடுக்கறோமேன்னு எனக்கே உறுத்தலாத்தான் இருந்துச்சு."

ஜெப்சன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் மூடிக்கொண்டான். அவனோடு பழகிய ஆறு வருடத்தில் சிவரஞ்சனி அதைப் பார்ப்பது இதுவே முதல் தடவை.

வெங்கடேஷ் மணியைப் பார்த்தான். நாலு இருபது. "சரி. அப்ப லெட்டர்ல பேரை மாத்தணும். மலர்னு இருக்கறதைச் சின்னன்னு..."

"ஒரு நிமிசம்" என்றாள் சிவரஞ்சனி. "சின்னன், உப்பி வருதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சார்கிட்டயேதான் சொன்னனுங்க. ரெண்டு தடவ. மொத தடவ போன்ல இருந்தாரு. ரெண்டாவது தடவ, 'உனக்குத் தெரியாததா சின்னா, நீ பாத்துக்க'ன்னாரு. நான் பாத்துக்கிட்டேன்."

வெங்கடேஷ் நெற்றியைத் தேய்த்தான். மறுக்கப் போகிறான் என்றுதான் சிவரஞ்சனி எதிர்பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. மூன்று நாள் தூங்காத மனிதனுக்குப் பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. ஸ்டோர் மேசையின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சொன்னான்" என்றான். "ரெண்டு தடவையும் சொன்னான்."

"அவங்க கேட்டது ஒரு பேருதானே? உங்க பேரை எழுதுங்க" என்றாள் சிவரஞ்சனி. "கையெழுத்துப் போடற எடத்துல எப்படியும் அதான் வரப்போகுது. பவுச்சுல என்ன போட்டிருக்குதுன்னு ஸ்டோர் ஆளுக்குச் சொல்லித் தராதது என் தப்பு, தொறந்த பவுச்சையெல்லாம் ஒதுக்கியாச்சு, இனி இது நடக்காதுன்னு எழுதுங்க. காரணம் தெரிஞ்சுபோன கொப்புளத்துக்கு யாரும் ஆர்டரை நிறுத்த மாட்டாங்க. காரணம் தெரியாததுக்குத்தான் பயப்படுவாங்க. என் ரிப்போர்ட்டையும் சேர்த்து அனுப்புங்க."

"நிறுத்திட்டாங்கன்னா?"

"அப்பவும் நாப்பத்தி ரெண்டு பேருக்கு முன்னாடி நீங்க தலை நிமிந்து நிக்கலாம்."

வெங்கடேஷ் சட்டைப் பையிலிருந்த பழைய கடிதத்தையும் போலீஸ் புகாரையும் எடுத்து இரண்டாகக் கிழித்தான். "வர்ற திங்கக்கிழமை ஷிப்டுக்கு வந்துரு மலரு" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். அறையை விட்டுப் போகும்போது சின்னனின் தோளில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனான்.

மலர் அதுவரை அசையவில்லை. சின்னன் தண்ணீரில் கிடந்த பவுச்சை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இனி எதற்கும் உதவாத பவுச். அதை ஏன் துடைக்கிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"உப்பியிருந்தா" என்றாள் மலர். மூன்று மாதம் அவனிடம் உபயோகிக்காத குரல் கரகரத்தது. "என்னைய ஒரு வார்த்த கேக்கக் கூடாதுங்களா? டிரெய்னிங்குல மொத நாளே இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"நீதான் பேச மாட்டியே."

"நீங்க பேசுனா நான் பதில் சொல்ல மாட்டேனா?"

சின்னன் துணியைக் கீழே வைத்தான். "நீ எதுக்கு அந்தக் காலி பவுச்சையெல்லாம் ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போன?"

"நீங்க திருடறீங்கன்னு நெனச்சேன்."

"என்னையவா?" அவனுக்கு உண்மையாகவே வலித்தது. பிறகு, எதையோ தாமதமாகப் புரிந்துகொண்டவனாக, "திருடுனாலும் மறைச்சு வெப்பியா?" என்றான்.

மலர் அவன் தள்ளி வைத்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தபிறகுதான் அழுதாள்.

சிவரஞ்சனி ஜெப்சனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

*

ரிப்போர்ட்டை ஜெப்சன் காரில் உட்கார்ந்தபடியே போனில் அடித்தான். கடிதமும் ரிப்போர்ட்டும் நாலு ஐம்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஐந்தே காலுக்கு வெங்கடேஷ் வாசலுக்கு வந்து, "தொறந்த பவுச்சு எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டாங்க. அடுத்த லாட்டைப் பாத்துட்டு முடிவு சொல்றாங்களாம்" என்று கத்திவிட்டு உள்ளே ஓடினான். சிரிக்கவில்லை. ஆனால் ஓடினான்.

"மேடம், நம்ம ஃபைல்லயும் ஒரு காப்பி வெக்கணும். 'பழுதுக்கான காரணம்'னு ஒரு கட்டம் இருக்குது. என்ன போடறது?"

"ஈரம்னு போடு."

"புருசனும் பொண்டாட்டியும் மூணு மாசம் பேசாததுன்னு போடக் கூடாதா?"

"அதுக்குக் கட்டம் சின்னது."

பனி கொஞ்சம் விலகியிருந்தது. ஷிப்ட் முடிந்து பெண்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சின்னன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். மலர் பஸ் நிறுத்தம் வரை போனாள். நின்றாள். பஸ் வந்தது. பெண்கள் ஏறினார்கள். அவள் திரும்பி நடந்து வந்தாள்.

வண்டியின் பின்சீட்டில் கைமிஷின் கயிற்றால் கட்டியிருந்தது. மலர் அதை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும்போது அவள் ஏதோ சொன்னாள். அவன் திரும்பிப் பார்த்தான். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றது மட்டும் காரில் இருந்தவர்களுக்குக் கேட்டது.

"பாத்தீங்களா மேடம், நீங்க என்கிட்டச் சொல்றதையே சொல்லுது" என்றான் ஜெப்சன்.

கார் இறங்க ஆரம்பித்திருந்தது. பத்தாவது வளைவில் ஜெப்சன் திரும்பிப் பார்த்தபோது, நான்கு நாளில் முதல்முறையாக, சிவரஞ்சனி வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் ஹாரன் அடிக்காமல், வளைவுகளை மெதுவாகத் திரும்பி, வீட்டைப் பார்த்து ஓட்டினான்.